மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமும் ஏற்காடு தொகுதியும்

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் இந்தியத் தேர்தல்களில் வாக்குகளைப் பதியவும் எண்ணவும் பயன்படும் சிறு கணிப்பொறிக் கருவி. மின் இணைப்பு இல்லாமல் மின்கலத்தில் மட்டுமே இயங்குவது இதன் முக்கிய இயல்பு. சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையையும் அதன் அடிவார ஊர்களையும் கொண்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் 2001 முதல் இக்கருவி பயன்பாட்டில் உள்ளது. மின்சாரமும் சாலையும் கைவிடக்கூடிய இடங்களில் பழுதின்றி உழைக்கும் கருவியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இதன் வரலாறு ஒரு சான்று.

தொகுதி

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். சேலத்திலிருந்து மலையேறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையாளி என்னும் பழங்குடியினர் இம்மலையில் பெருமளவில் வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு தொகுதிகளில் ஏற்காடு ஒன்று. மற்றொன்று நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம். மலைக் கிராமங்களோடு வாழப்பாடி, அயோத்தியாபட்டணம் பகுதிகளும் இத்தொகுதியில் அடங்கும்.

மலைச் சிற்றூர்கள் காப்பித் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. காற்றிலும் மழையிலும் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் நிற்கும். வாக்குப்பதிவு நாளில் ஒரு சாவடியில் கருவி நின்றுபோனால், மாற்றுக் கருவியை மேலே கொண்டுசேர்க்க நேரம் பிடிக்கும். அதற்குள் நடந்து வந்தவர்கள் கூலி வேலைக்குத் திரும்பிவிட்டால், அவர்கள் வாக்கு பதிவாகாமலே போய்விடும்.

தோற்றம்

வாக்குப்பதிவுக்கு மின்னணுக் கருவியைப் பயன்படுத்தும் எண்ணம் 1977இல் தேர்தல் ஆணையத்தில் எழுந்தது. 1979இல் ஐதராபாத்தின் இந்திய மின்னணுக் கழகம் (இ.சி.ஐ.எல்.) மாதிரிக் கருவியை உருவாக்கியது. பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனமும் இப்பணியில் இணைந்தது. பெல் நிறுவனத்தில் இதன் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர் எஸ். ரங்கராஜன். தமிழ் வாசகர்கள் அவரை எழுத்தாளர் சுஜாதாவாக அறிவர். இப்பணிக்காக அவர் வாஸ்விக் விருது பெற்றார்.

1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் கருவி முதன்முதலாகப் பயன்பட்டது. கருவியைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று கூறி 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளின் வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. மறுவாக்குப்பதிவில் வெற்றியாளரே மாறினார். 1989இல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1998இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், தில்லி ஆகியவற்றின் சில தொகுதிகளில் கருவி மீண்டும் வந்தது. 2001இல் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், புதுச்சேரி சட்டமன்றத் தேர்தல்கள் முழுவதும் இக்கருவியில் நடந்தன. 2004 மக்களவைத் தேர்தலில் நாட்டின் எல்லாத் தொகுதிகளும் இதற்கு மாறின.

மின்கலமும் அமைப்பும்

கருவி இரு பகுதிகளைக் கொண்டது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி. மறைப்புக்குள் வாக்காளர் பொத்தானை அழுத்துவது வாக்குப்பதிவுக் கருவி. இரண்டையும் 5 மீட்டர் நீளக் கம்பி இணைக்கிறது. அலுவலர் அனுமதித்தால்தான் அடுத்த வாக்கு பதிவாகும்.

தொடக்கக் காலக் கருவிகள் 6 வோல்ட் மின்கலத்திலும், பின்னர் வந்தவை 7.5 வோல்ட் மின்கலத் தொகுதியிலும் இயங்குகின்றன. வழக்கமாக ஓர் அலுவலகம் முதலில் கணிப்பொறியைத் தேர்ந்தெடுக்கும். பிறகு அதைக் காக்க யு.பி.எஸ்., இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் என்று தேடும். இங்கே வரிசை தலைகீழ். எந்தச் சாவடியிலும் மின்சாரம் இருக்கும் என்று நம்பக் கூடாது என்பது முதல் நிபந்தனை. அந்தச் சிறு மின்கலம் தாங்கும் வேலைகள் மட்டுமே கருவிக்குத் தரப்பட்டன. இதற்கு இயங்குதளமும் இணைய இணைப்பும் கிடையாது. நிரலை ஒருமுறைதான் சில்லில் எழுத முடியும். மின்கலத்தைக் கழற்றினாலும் பதிவான வாக்குகள் 10 ஆண்டுகளுக்கு மேல் நினைவகத்தில் இருக்கும். எனவே வாக்குப்பதிவின் நடுவே மின்கலத்தை மாற்ற நேர்ந்தாலும் அதுவரை பதிவானவை அழிவதில்லை.

எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள்தான். முந்தைய வகைகளில் நான்கு கருவிகளை இணைத்தாலும் 64 பேருக்கு மேல் இடமில்லை. 1996இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டனர். அத்தகைய தேர்தலை அந்தக் கருவியில் நடத்தவே முடியாது. 2013க்குப் பின் வந்த மூன்றாம் வகையில் 24 கருவிகள் வரை இணைக்கலாம்.

2013 ஏற்காடு இடைத்தேர்தல்

சட்டமன்ற உறுப்பினர் செ. பெருமாள் மறைந்ததால் 2013 டிசம்பர் 4 அன்று ஏற்காட்டில் இடைத்தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு பல மணி நேர மின்வெட்டைக் கண்டிருந்தது. கடைகளும் அலுவலகங்களும் இன்வெர்ட்டர் வாங்கிச் சமாளித்தன. வாக்குப்பதிவுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

‘மேற்கண்ட எவருக்கும் வாக்கில்லை’ என்னும் நோட்டா வாய்ப்பை வழங்குமாறு 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது ஏற்காட்டில்தான். வேட்பாளர் வரிசையின் இறுதியில் ஒரு பொத்தானை ஒதுக்கினால் போதுமானதாக இருந்தது. புதிய கருவி தேவைப்படவில்லை. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாக்களித்தனர். அ.தி.மு.க.வின் பெ. சரோஜா 78,116 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். நோட்டாவுக்கு 4,431 வாக்குகள் கிடைத்தன.

ஐயங்களும் விவிபாட்டும்

பழுதின்றி இயங்குவதும் நம்பிக்கைக்கு உரியதாக இருப்பதும் ஒன்றல்ல. கருவி கையில் கிடைத்தால் அதன் உறுப்புகளை மாற்றி முடிவைத் திருத்த முடியும் என்று ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்கிரைப் ஆகியோர் 2010இல் ஓர் ஆய்வில் காட்டினர். முத்திரைகளும் பாதுகாப்பும் இருக்கையில் அது நடைமுறையில் இயலாது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், சாதாரணக் குடிமகன் சரிபார்க்க இயலாத வாக்குப்பதிவுக் கருவிகளை 2009இல் ஏற்க மறுத்தது.

2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், வாக்கைக் காகிதச் சீட்டில் காட்டும் விவிபாட் கருவியைப் படிப்படியாகக் கொண்டுவரப் பணித்தது. 2019 மக்களவைத் தேர்தலில் அது எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. அச்சுப்பொறி உள்ளதால் விவிபாட்டுக்கு 22.5 வோல்ட் மின்கலம் வேண்டும். 2018இல் உத்தரப் பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் பல விவிபாட் கருவிகள் பழுதாயின. மிகுந்த வெளிச்சம் பட்டது ஒரு காரணம் என்று ஆணையம் விளக்கியது. பல சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. சரிபார்க்க வாய்ப்பு கிடைத்தது. கூடவே பழுதாகக்கூடிய உறுப்பு ஒன்றும் சேர்ந்தது.

இன்றைய நிலை

சேர்வராயன் மலைக்கு அண்மையிலுள்ள போதமலைக்கு, சாலை இல்லாத காலத்தில் அலுவலர்கள் இயந்திரங்களைத் தலைச்சுமையாக எடுத்து நடந்தே சென்றனர். தர்மபுரி மாவட்டத்தின் கோட்டூர் மலைக்குக் கழுதைகள் சுமந்தன. கருவியோடு அதற்கான மின்சாரமும் அந்தச் சுமைக்குள்ளேயே இருந்ததால், மேலே போய்ச் சேர்ந்ததும் வாக்குப்பதிவை நடத்த முடிந்தது.