குழந்தையின் உச்சிக்குழி எப்போது மூடும்? எதற்குக் கவலைப்பட வேண்டும்?

தமிழில் உச்சிக்குழி, மராத்தியில் 'டாளூ'. புனே மகர்பட்டாவில் மாலிஷ் செய்ய வருபவரும் சரி, ஊரிலிருந்து வரும் பாட்டியும் சரி, அது சீக்கிரம் மூடணும்னு எண்ணெய் வைப்பதுண்டு. ஆனால், எண்ணெயால் குழி மூடாது. மூளை வளர இடம் தரும் எலும்பு இடைவெளி அது.

பின்பக்கக் குழி சுமார் 2 மாதத்தில் மூடும். முன்பக்கக் குழி பெரும்பாலும் 12-18 மாதத்தில் மூடும். சிலருக்கு 2 வயது வரை ஆகலாம்.

தலைச் சுற்றளவையும் பாருங்கள். டெல்லி குழந்தைகளும் இடம்பெற்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அளவுகோல்படி, சராசரியாகப் பிறக்கும்போது 34 செ.மீ., ஒரு வயதில் 45-46 செ.மீ.

வயிற்றுப்போக்கில் குழி உள்வாங்கினால் நீரிழப்பாக இருக்கலாம். அழாதபோதும் புடைத்திருந்து, காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இரண்டிலும் காத்திருக்காதீங்க, உடனே மருத்துவமனைக்குப் போங்க.