கெல்லி மாளிகையும் மாரியம்மன் கோயிலும்

பேராக் மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், ராயா ஆற்றுக்கு அருகே ஒரு மேட்டின்மேல் கட்டி முடிக்கப்படாத மாளிகை ஒன்று நிற்கிறது. கெல்லி கோட்டை என்று அதைச் சொல்வார்கள். உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கும் இடம் அது. போய் வந்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் பேய்க் கதைதான் சொல்வார்கள். பேய்க் கதையைவிட அதன் உண்மைக் கதை பெரிது. அதில் நம் முன்னோர்களுக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மாளிகைக்கு உரியவர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தவர். 1890இல், தம் இருபதாவது வயதில், மலாயாவுக்கு வந்தார். அல்மா பேக்கர் என்ற குத்தகைக்காரரிடம் சேர்ந்து, பேராக்கில் சாலை போடும் வேலையில் ஈடுபட்டார். கையில் பணம் சேர்ந்ததும் கிந்தா பள்ளத்தாக்கில் காட்டு நிலம் வாங்கினார். காட்டை அழித்து ரப்பர் நட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். தாம் பிறந்த கெல்லாஸ் என்ற ஊரின் நினைவாகத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார்.

அது ரப்பருக்கு நல்ல காலம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார் வண்டிகள் பெருகின. வண்டிச் சக்கரத்திற்கு ரப்பர் வேண்டும். 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. ஆனால் விலை ஏறினால் மட்டும் போதுமா? காடு வெட்ட வேண்டும், கன்று நட வேண்டும், விடியும் முன்னே எழுந்து பால் வெட்ட வேண்டும். அந்த வேலைக்குத்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். 1907இல் தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்துத் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்றும் அமைக்கப்பட்டது. தொழிலாளர்களின் கப்பல் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனவர்கள்தான் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும்.

கெல்லி ஸ்மித் 1910ஆம் ஆண்டை ஒட்டி முதலில் ஒரு வீடு கட்டினார். 1915இல் மகன் பிறந்தான். அந்த ஆண்டில் அவ்வீட்டை அடுத்துப் பெரிய மாளிகை ஒன்றைத் தொடங்கினார். ஆறு அடுக்குக் கோபுரம், அதில் ஏறி இறங்க லிப்ட், வளைவு வளைவான தாழ்வாரங்கள், நிலத்துக்கு அடியில் சுரங்க வழி என்று திட்டம் போட்டார். சென்னைப் பக்கத்துக் கட்டடங்களின் அழகு அவருக்குப் பிடித்திருந்தது. ஆகவே அங்கிருந்தே கட்டட வேலையாட்களை வரவழைத்தார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து வந்தன என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரருடைய மாளிகை, தமிழர் கையால் எழும்பியது.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 1918 வந்தது. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில், ஸ்பானியக் காய்ச்சல் என்னும் கொள்ளை நோய் உலகைச் சுற்றி வந்து கோடிக்கணக்கான உயிர்களைப் பறித்தது. 2020இல் நாம் கண்ட தொற்றுக்கு மருத்துவமனைகளும், பிறகு தடுப்பூசியும் இருந்தன. 1918இல் அந்தக் காய்ச்சலுக்கு மருந்தே இல்லை. தோட்டத்து லயங்களோ நெருக்கமானவை. ஒரு வீட்டில் ஒருவர் படுத்தால், அடுத்தடுத்த வீட்டிலும் படுப்பார்கள். மாளிகை வேலையாட்கள் பலர் மாண்டார்கள். வேலை தடைப்பட்டது.

உயிரோடு இருந்தவர்கள் துரையிடம் ஒன்று கேட்டார்கள். கூலி உயர்வு அன்று. மாரியம்மனுக்கு ஒரு கோயில். நோய் வந்தால் மாரியைக் கும்பிடுவது நம் கிராம வழக்கம். அந்த அச்சத்தையும் நம்பிக்கையையும் அவர்கள் கடல் கடந்து கொண்டு வந்திருந்தார்கள். துரை இசைந்தார். இரக்கத்தால் இசைந்தாரா, ஆட்கள் போய்விட்டால் வேலை நின்றுவிடுமே என்று இசைந்தாரா? இரண்டும் இருந்திருக்கலாம். மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் கோயில் எழுந்தது. நன்றி மறவாத தொழிலாளர்கள், அதன் மேல்தளத்தில் தெய்வ உருவங்களுக்கு இடையே வெள்ளை உடை தரித்த துரையின் உருவத்தையும் வைத்தார்கள்.

கட்டடத்தையும் சாவையும் சேர்த்துப் பேசும் கதை மற்ற நாடுகளிலும் உண்டு. ஹங்கேரி மக்கள் தேவா என்னும் கோட்டையைப் பற்றி ஒரு கதைப்பாடல் பாடி வந்தார்கள். அந்தக் கோட்டை இன்று ருமேனியா நாட்டில் உள்ளது. பகலில் எழுப்பிய சுவர் இரவில் இடிந்து விழ, கெலெமென் என்ற கொத்தனாரின் மனைவியைப் பலி கொடுத்த பிறகே சுவர் நின்றது என்பது கதை. நடந்ததோ இல்லையோ, அந்தப் பாட்டு ஒரு கொத்தனாரின் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நம் கதையில் அது நடக்கவில்லை. கெல்லி ஸ்மித்தின் மனைவி பெயர் ஆக்னஸ், மகள் ஹெலன், மகன் ஆன்டனி என்று சொல்லிவிடுகிறார்கள். சுவர் எழுப்பிய தமிழர் ஒருவரின் பெயரும் சொல்லப்படுவதில்லை. தொழிலாளர்கள் தங்கள் கோயிலில் துரைக்கு இடம் கொடுத்தார்கள். துரையின் கதையில் அவர்களுக்குப் பெயரளவிலும் இடம் இல்லை.

1926இல் கெல்லி ஸ்மித் ஐரோப்பா சென்றார். லிப்ட் வாங்கத்தான் போனார் என்று சொல்வதுண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சல் கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 56. அவருடைய மனைவி சொத்துகளை விற்றுவிட்டார். ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்ட் கம்பெனி தோட்டத்தை வாங்கியது. மாளிகையைச் செடி கொடிகள் மூடின. பின்னாளில் அது செப்பனிடப்பட்டு மக்கள் பார்வைக்கு வந்தது. 1999இல் வெளியான ஆங்கிலப் படம் ஒன்றின் காட்சிகளும் அங்கே எடுக்கப்பட்டன.

மாளிகையில் யாரும் குடிவாழவில்லை. கோயிலில் மட்டும் விளக்கு எரிந்து வந்தது. மாளிகை ஒரு மனிதரின் ஆசை, அவரோடு நின்றுபோயிற்று. கோயில் பலருடைய தேவை. தலைமுறை தாண்டி வந்தது.

ஆகவே, குடும்பத்தோடு கெல்லி கோட்டைக்குப் போகிறவர்கள் கோயிலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கோட்டையின் சுவரைத் தொட்டுக் காட்டி, இது யார் எழுப்பியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு மறைந்துவிட்டன. லயங்கள் போயின, மக்கள் பட்டணம் சேர்ந்தார்கள். வீட்டில் முதியவர் இருந்தால், எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் தோட்டத்தில் இறங்கினோம், யார் யார் வந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கொத்தனார்களின் பெயர் போனது போனதுதான். நம் வீட்டுப் பெயர்களையாவது போகவிடாமல் காப்போம்.