ரயிலில் போன ஆபரேஷன், நடந்து வரும் தெரபி

மும்பைக்கு வந்து 18 வருஷம் ஆகிறது. ரயிலை விட்டுவிட்டு இந்த ஊரைப் பற்றி எதுவும் எழுத முடியாது என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்குச் சொல்லப் போவது தாதரில் ஏறி இறங்கும் கஷ்டத்தைப் பற்றி இல்லை. ஆபரேஷன் தியேட்டரையே உள்ளே வைத்துக்கொண்டு கிளம்பிய ஒரு ரயிலைப் பற்றி. பெயர் லைஃப்லைன் எக்ஸ்பிரஸ். ஹிந்தியில் ஜீவன் ரேகா எக்ஸ்பிரஸ்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, இந்தியாவில் அந்தப் படிப்புகள் வேர் பிடித்தது இந்த மும்பையில்தான். பரேலில் இருக்கும் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் 1950-ல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியை ஆரம்பித்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே வாழ்ந்தவர். அதே ஆஸ்பத்திரியில் 1950-களின் முதல் பாதியிலேயே பிசியோதெரபி பள்ளியும் வந்துவிட்டது. 1955-ல் ஹாஜி அலி பக்கத்தில் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் வந்தது. இன்றும் இருக்கிறது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் பரேலுக்கோ ஹாஜி அலிக்கோ வர முடிந்தவர்களுக்குத்தானே இதெல்லாம்? 2011 சென்சஸ் கணக்குப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அதில் கிட்டத்தட்ட 69 சதவீதம் பேர் கிராமத்தில் இருப்பவர்கள். நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறி ரயில் மாறி வர வேண்டும். யாருக்கு வைத்தியம் அதிகம் தேவையோ அவர்களால்தான் வர முடியாது. விசித்திரம் ஆனால் உண்மை.

"அவர்களால் வர முடியாவிட்டால் நாம் போவோம்" என்பதுதான் அந்த ரயிலின் கதை. மும்பையில் இருக்கும் இம்பாக்ட் இந்தியா ஃபவுண்டேஷன், இந்திய ரயில்வேயோடு சேர்ந்து 1991 ஜூலை 16-ல் அதைத் தொடங்கியது. முதலில் போன ஊர் கலாரி. அப்போது பீகார், இப்போது ஜார்கண்ட். ஒரு ஸ்டேஷனில் போய்ச் சில வாரங்கள் நிற்கும். கண்புரை, காது, உதட்டுப் பிளவு, போலியோவால் மடங்கிப் போன கால் என்று ஆபரேஷன்கள் நடக்கும். எல்லாம் இலவசம். உலகிலேயே முதல் ஆஸ்பத்திரி ரயில் என்று இதைச் சொல்வார்கள். 2007-ல் புதிய பெட்டிகள் வந்தன. 2016-ல் இன்னும் இரண்டு பெட்டி சேர்ந்து ஏழு ஆனது.

இதைப் படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் விடவில்லை. ரயில் கிளம்பிப் போன பிறகு?

கண்புரை என்றால் பெரிய பிரச்சினை இல்லை. ஆபரேஷன் முடிந்தது, சொட்டு மருந்து, கண்ணாடி, அவ்வளவுதான். போலியோ கால் அப்படி இல்லை. மடங்கிய முழங்காலை ஆபரேஷனில் நிமிர்த்திவிடலாம். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு தினமும் பயிற்சி வேண்டும். காலிப்பர் போட வேண்டும். பிள்ளை வளரும், காலிப்பர் வளராது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ போனால் அளவு மாற்ற வேண்டும். யாரும் திரும்ப வந்து பார்க்காவிட்டால் நிமிர்த்திய கால் மறுபடி மடங்கலாம். ஆபரேஷன் ஒரு தடவை வந்தால் போதும். தெரபி திரும்பத் திரும்ப வர வேண்டும்.

இந்தத் திரும்பி வருகிற வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியதில் நம் பக்கத்து வீடான கேரளாவைச் சொல்ல வேண்டும். 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சின்ன வலி நிவாரண மையமாக ஆரம்பித்தது. புற்றுநோயாளிகளோடு நிற்காமல், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தண்டுவடம் அடிபட்டவர்கள் வீட்டுக்கும் நர்ஸும் ஊர்க்காரத் தொண்டர்களும் போக ஆரம்பித்தார்கள். 2008-ல் மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. பஞ்சாயத்துகள் மூலமாக நர்ஸ் வீடு தேடிப் போகும் ஏற்பாடு ஊரெல்லாம் பரவியது.

அடுத்து எங்கள் ஊர்ப் பக்கம். (திருநெல்வேலிக்காரன் எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பான், மன்னிக்கவும்!) தென்காசி பக்கத்தில் ஆய்க்குடியில் இருக்கிறது அமர் சேவா சங்கம். கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. 1981 ஐ.நா. சபை அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டும்கூட. அங்கே என்ன விசேஷம் என்றால், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் குழந்தைகளின் வீட்டுக்கே போகிறார்கள். அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் பின்னால் இருந்து வழிகாட்டுகிறார்கள். தெரபிஸ்ட் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் வர முடியும். அம்மா நாள் முழுக்க இருக்கிறாள். கணக்கு அவ்வளவுதான்.

பிறகு 2021 ஆகஸ்ட் 5. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதே திட்டத்தில் பிசியோதெரபியும் படுக்கை நோயாளிகளுக்கான பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன என்பது நிறையப் பேர் கவனிக்காத விஷயம்.

சரி, ஊரை விட்டு வந்த நமக்கு இதில் என்ன? இருக்கிறது.

என் மாமியாருக்கு பக்கவாதம் வந்தபோது முலுண்டில் எங்கள் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் வந்தார். நல்ல பையன். கை, கால் பயிற்சிக்கு பாஷை ஒரு தடையே இல்லை. பேச்சுப் பயிற்சியில்தான் சிக்கல். "பானி போலியே ஆண்ட்டி" என்றால் அவர்கள் முழிப்பார்கள். 70 வருஷமாகத் தண்ணி என்று சொன்ன வாய் அது. மூளையில் தொலைந்துபோன சொல்லை, தொலைந்த மொழியில்தானே தேட வேண்டும்? கடைசியில் ஊரில் இருக்கும் ஒரு தமிழ்ப் பேச்சுப் பயிற்சியாளர் வீடியோ காலில் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தது என் மனைவியும் பத்து வயசுப் பையனும். 2020 ஊரடங்குக்குப் பிறகு இந்த வழி நிறையப் பேருக்குக் கிடைக்கிறது. பேச்சு தாமதமான குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதையே சொல்வேன். வீட்டில் என்ன மொழி பேசுகிறோமோ அதில் பயிற்சி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, சட்டம். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21. ஆட்டிசமும் உண்டு, வயதானவர்களுக்கு வரும் பார்க்கின்சனும் உண்டு. அந்தச் சட்டப்படி கொடுக்கும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். ஊரில் வாங்கினது இங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் 58-ம் பிரிவைக் காட்டுங்கள். (பென்ஷன், பஸ் பாஸ் மாதிரி மாநிலச் சலுகைகள் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.)

வீட்டுக்குத் தெரபிஸ்ட் வைக்கிறவர்கள் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். "அடுத்து எப்போது வருவீர்கள்? நீங்கள் வராத நாளில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" இரண்டாவது கேள்விக்கு உட்கார்ந்து பொறுமையாகச் செய்து காட்டுபவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஊரில், டெல்லியோ புனாவோ ஹைதராபாத்தோ, தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களைத் தெரிந்தால் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் சொல்லி வையுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.