தொழில் புகும் உரிமையும் தொழிலிடத்து உரிமையும்: செங்கற்பட்டு மாநாடு முதல் இன்றுவரை

1929ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கற்பட்டில் கூடிய சென்னை மாகாண முதலாவது சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானித்ததோடு, எந்தத் தொழிலையும் மேற்கொள்ள ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்றும், ஆசிரியப் பணியில் பெண்களை மிகுதியாக அமர்த்த வேண்டும் என்றும் அறிவித்தது. சொத்துரிமைத் தீர்மானம் பிற்காலத்தில் பெற்ற கவனத்தைத் தொழிலுரிமைத் தீர்மானம் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது.

அத்தீர்மானத்தில் ‘தொழில்’ என்ற சொல் எதைச் சுட்டியது என்பது ஆராயத்தக்கது. ஏரிகள் நிறைந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் வயல்களில் நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் பெண்களே. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரையில் பிடிபட்ட மீனைக் கூடையில் ஏற்றித் தலைச்சுமையாக ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்றவர்களும் பெண்களே. உழைப்பதற்கு அவர்களுக்கு எவரும் தடை சொன்னதில்லை. ஆகவே மாநாடு கேட்டது, சம்பளமும் சமூக மதிப்பும் உள்ள பணிகளுக்குள் நுழையும் உரிமையையே எனக் கொள்வது பொருந்தும். அவ்வுரிமை அரசாணைகளின் வழியே மெல்ல வந்தது: அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீடு 1989இல் கிடைத்தது, அதனை 40 விழுக்காடாக உயர்த்தும் அறிவிப்பு 2021இல் வெளியாயிற்று.

இதே மாவட்டத்து இருளர் பழங்குடிப் பெண்களின் வரலாறு இதற்கு நேர்மாறான திசையில் தொடங்குகிறது. வட தமிழ்நாட்டு அரிசி ஆலைகளில் ‘முன்பணம்’ எனப்படும் சிறு கடனுக்காகக் குடும்பம் குடும்பமாகக் கட்டுண்டு கிடந்த இருளர்களில் ஆண்கள் நெல்லை அவிக்க, பெண்கள் ஆவி அடங்காத அந்நெல்லை வெயிலில் காயும் சிமென்ட் களத்தில் பரப்பி, வெறுங்காலால் வரிவரியாகக் கிளறிவிட்டனர். கைக்குழந்தைகள் களத்தின் ஓரத்திலேயே கிடந்தன. கூலி பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே கணக்கிடப்பட்டமையால், பெண்ணின் உழைப்பு கணக்கில் ஏறாமலேயே கடனில் கழிந்தது. இப்பெண்களுக்கு முதலில் வேண்டியிருந்தது வேலையை விட்டு வெளியேறும் உரிமை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்கள் செல்லாதவை என அறிவித்தது. எனினும், சட்டம் களத்துக்குள் தானாக வருவதில்லை. கோட்டாட்சியர் வந்து விசாரித்து, கொத்தடிமை நிலையிலிருந்து மீண்டவர் எனச் சான்றளிக்கும் ‘விடுவிப்புச் சான்றிதழ்’ கைக்குக் கிடைத்த பிறகே மறுவாழ்வு உதவி கோர இயலும்.

மீண்டவர் மறுபடியும் முன்பணத்தை நாடாதிருக்க வேறு பிழைப்பு வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வணிகத்தை இழந்த இருளர்களுக்காக 1978இல் மாமல்லபுரச் சாலையில் உள்ள வடநெம்மேலியில் நஞ்செடுக்கும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும், 1986இல் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் உருவாகி, மூலிகை அறிவையும் நாற்றங்கால் வளர்ப்பையும் பெண்களின் சொந்த வருவாயாக மாற்ற முயன்றதும் இவ்வகையில் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. இரண்டாவதில் பெண்களே உறுப்பினர்களாகவும் நிர்வாகிகளாகவும் அமைந்தனர் என்பது, கூலி ஆணின் பெயரில் எழுதப்பட்ட ஆலைக் கணக்கோடு வைத்துப் பார்க்கும்போது எளிய மாற்றமன்று.

1984இல் தாம்பரத்தில் சென்னை ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம், அதாவது ‘மெப்ஸ்’, அமைந்தபோது ஆடை, மின்னணுத் தொழிற்சாலைகளுக்குள் இளம்பெண்கள் பெருந்திரளாக நுழைந்தனர். 1929இல் கேட்கப்பட்ட வாசல் திறந்தது. உள்ளே மணிக்கு இத்தனை உருப்படி என்னும் ‘டார்கெட்’ காத்திருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களை இரவில் பணியமர்த்தத் தடை விதித்திருந்தது. அத்தடையை எதிர்த்த வசந்தா வழக்கில் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையைச் சமத்துவத்துக்கு முரணானதென நீக்கி, போக்குவரத்து, தனி ஓய்வறை, பாலியல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு, தனியாக விடாது குழுவாகப் பணியமர்த்துதல் ஆகியவற்றை நிபந்தனைகளாக விதித்தது. தடையை நீக்கியதைவிட இந்நிபந்தனைகளே தீர்ப்பின் உயிர்ப்பகுதி. ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் இறங்கும் பெண்ணுக்கு வேன் இல்லையென்றால் சமத்துவம் தெருமுனையிலேயே நின்றுவிடும். இவ்வகை நிபந்தனைகளை நாள்தோறும் கண்காணிக்கப் பெண்களே முன்னின்று நடத்தும் அமைப்புகள் தேவைப்பட்டன. பெண் தொழிலாளர்கள் சங்கம், கார்மென்ட் அண்ட் ஃபேஷன் ஒர்க்கர்ஸ் யூனியன் போன்றவை சென்னையைச் சுற்றிய தொழிற்பகுதிகளில் அப்பணியை மேற்கொண்டன. தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி உயர்வை முதலாளிகள் எதிர்த்த வழக்கில் 2016இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பு வந்தது.

தொழிற்சாலைக்கு வெளியே, கடைகளிலும் தொழிலிடத்து உரிமை போராடியே பெறப்பட்டது. கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் நடத்திய போராட்டத்தின் விளைவாக 2018இல் கிடைத்த ‘உட்காரும் உரிமை’, 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவாக இடம்பெற்றது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருந்த ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு ஒரு முக்காலி வைப்பதற்கே சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது.

மாமல்லபுரக் கடற்கரையின் மீன் விற்கும் பெண்களுக்கு முதலாளியும் இல்லை, கட்டடமும் இல்லை. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் இடங்களுக்கும் அமைப்புசாராத் தொழிலுக்கும் மாவட்ட அளவில் ‘உள்ளூர்க் குழு’ என்னும் விசாரணைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. புகாரை எழுத இயலாதவருக்கு எழுத உதவுவதையும் அக்குழுவின் கடமையாக்குகிறது. விடுதி அறைகளைத் துப்புரவு செய்பவரும் மீன் கூடை சுமப்பவரும் ஒருநாள் வருவாயை விட்டுவிட்டுச் செங்கற்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்தேற வேண்டியதில்லை; ஒவ்வொரு வட்டத்திலும் புகாரைப் பெற்று ஏழு நாள்களுக்குள் குழுவுக்கு அனுப்பும் தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. திருக்கழுக்குன்றம் வட்டத்துக்குரிய அவ்வலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் மாமல்லபுரம் மீன் அங்காடியின் சுவரில், பெரிய எழுத்தில், எழுதப்பட வேண்டும்.