அறுபது மணி நேரமும் எண்பது நிமிடமும்



கணக்காய்வு செய்பவர்கள் ஐந்தொகையைக் கண்டதும் நம்பிவிடமாட்டார்கள். அதற்குப் பின்னாலுள்ள பற்றுச்சீட்டுகளைக் கேட்பார்கள். இம்மாதம் ஓர் ஆவணப்படத்தை அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

1969 ஜனவரி 2ஆம் திகதி, இலண்டன் ருவிக்கன்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில் பீற்றில்ஸ் குழுவின் நால்வரும் கூடினார்கள். புதிய பாடல்களை உருவாக்கி, மக்கள் முன் பாடி, அதையே இசைத்தட்டாக வெளியிடுவது திட்டம். இயக்குநர் மைக்கேல் லின்சே ஹொக் எல்லாவற்றையும் படம்பிடித்தார். குழுவை வழிநடத்திய முகாமையாளர் பிரையன் எப்ஸ்ரைன் 1967இலேயே இறந்துவிட்டார். குளிரான மண்டபம், மனக்கசப்பு. 10ஆம் திகதி ஜோர்ஜ் ஹரிசன் குழுவை விட்டு வெளியேறினார்.

பேசிச் சமாதானமாகி அவர் திரும்பியதும், வேலை சவில் றோவில் இருந்த அவர்களது சொந்தக் கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்கு மாறியது. 22ஆம் திகதி பியானோக் கலைஞர் பில்லி பிரெஸ்ரன் வந்து சேர, முகங்கள் மலர்ந்தன. 30ஆம் திகதி அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் சுமார் 42 நிமிடம் வாசித்தார்கள். பொலிசார் மேலே ஏறி வந்தார்கள்.

மிஞ்சியது ஏறக்குறைய 60 மணி நேரப் படச்சுருள். அதிலிருந்து சுமார் 80 நிமிடப் படமாக 'லெற் இற் பி' 1970 மே மாதம் வெளியானது. அதற்கு முந்திய மாதந்தான் போல் மக்கார்ட்னி குழுவை விட்டு விலகிய செய்தி பரவியிருந்தது. பார்த்தவர்கள் அதைச் செத்தவீட்டுப் படமாகவே பார்த்தார்கள். இலண்டன் முதற்காட்சிக்கு நால்வரில் ஒருவரும் போகவில்லை. போலும் ஜோர்ஜும் வாக்குவாதப்படும் காட்சி எல்லோர் மனதிலும் நின்றது. ஜோன் லெனனின் அருகில் இருந்த யோக்கோ ஓனோ மீது பழி விழுந்தது.

ஆனால் திகதிகளைச் சரிபாருங்கள். அந்த ஜனவரிக்குப் பிறகுதான் இதே நால்வரும் 'அபி றோட்' இசைத்தட்டைச் செய்து முடித்தார்கள். அது 1969 செப்டெம்பரில் வெளியானது. பிரிவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று பணம். அலன் கிளைன் என்பவரை முகாமையாளராக்க மூவர் சம்மதித்தார்கள், போல் மறுத்தார். 1970 டிசம்பர் 31ஆம் திகதி பங்குடைமையைக் கலைக்கக் கோரி அவர் வழக்குத் தொடுத்தார்.

2021 நவம்பரில் பீற்றர் ஜக்சன் அதே படச்சுருளிலிருந்து ஏறக்குறைய எட்டு மணி நேரத் தொடரை வெளியிட்டார். பழைய படத்தில் இல்லாத ஜோர்ஜின் வெளியேற்றம் இதில் இருக்கிறது. கூடவே சிரிப்பும் கேலியும் இருக்கின்றன. போல் கிற்றாரைத் தட்டிக்கொண்டிருக்க, ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு பாட்டுப் பிறப்பதைக் காண்கிறோம். யோக்கோ பெரும்பாலும் பக்கத்தில் அமைதியாகப் பத்திரிகை வாசிக்கிறார்.

அப்படியானால் முதற்படம் பொய்யா? இல்லை, அதில் ஒரு காட்சியும் பொய்யில்லை. ஆனால் 60 மணி நேரத்தில் 80 நிமிடந்தான் அது. எட்டு மணி நேரமும் ஒரு தெரிவுதான். 2024 மே மாதம் பழைய படமும் புதுப்பிக்கப்பட்டு வந்துவிட்டதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூலச்சுருள் பத்திரமாக இருந்தபடியால்தான் இந்த மறுகணக்கு சாத்தியமாயிற்று.

இங்கே எனக்கொரு குற்ற உணர்வு. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவரை எங்கள் கலையகத்தில் ஒரு மணி நேரம் பேட்டி கண்டேன். ஊரையும் புறப்பட்டு வந்த கதையையும் சொன்னார். ஒலிபரப்பானது 12 நிமிடம். அவர் காலமான பின் மகள் வந்து, "அப்பாவின்ர முழுக் குரலும் இருக்கோ, அண்ணை?" என்று கேட்டா. இடம் போதாதென்று நானே அழித்திருந்தேன்.

அந்த 12 நிமிடத்தில் அவர் துக்கத்தை மட்டுமே பேசுகிறார். மிச்ச நேரத்தில் நிறையச் சிரித்தார். அதற்கு இப்போது நான் மட்டுமே சாட்சி.

உங்கள் வீட்டில் பழைய ஒலிநாடா இருந்தால் எறிந்துவிடாதீர்கள், நேயர்களே. வெட்டாமல் வையுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.