பொதுக்கல்வி, சென்னைப் பல்கலைக்கழகத்தில்

ஒரே துறைக்கோ ஒரே தொழிலுக்கோ மாணவரைத் தயாரிக்காமல் மொழி, இலக்கியம், கணிதம், வரலாறு, மெய்யியல், அறிவியல் ஆகிய பலவற்றிலும் தேர்ச்சி தரும் பட்டப்படிப்பு முறை பொதுக்கல்வி எனப்படும். கலைக்கல்வி என்ற பெயரும் இதற்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடக்கத்தில் பி.ஏ. பட்டம் என்றாலே இக்கல்விதான். இருபதாம் நூற்றாண்டில் சிறப்புப் பாடம் வலுப்பெற்றபோது பொதுப்பாடங்கள் பட்டத்தின் துணைப் பகுதிகளாகச் சுருங்கின. இன்று கலை அறிவியல் கல்லூரிகளில் ‘பார்ட் ஒன்’, ‘பார்ட் டூ’ என வழங்கும் மொழித்தாள்கள் அந்தப் பழைய முறையிலிருந்து நேராக வந்தவை.

தோற்றம்

சென்னைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை அரசிடமிருந்து மட்டும் வந்ததன்று. 1839-இல் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இம்முயற்சியில் முன்நின்றார். 1840-இல் எழும்பூரில் சிறு பள்ளியாகத் தொடங்கி, ஐர் பர்ட்டன் பவல் தலைமையில் வளர்ந்த நிறுவனமே பின்னர் மாநிலக் கல்லூரி ஆயிற்று. 1837-இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷன் பள்ளி, 1862-இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லரின் உழைப்பால் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக உயர்ந்தது. கும்பகோணத்தில் 1854-இல் எழுந்த அரசுப் பள்ளியும் கல்லூரியாகி, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் எடுத்தது.

1854-இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையை ஒட்டி, 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. இலண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை. ஆகவே எது கல்வி என்பதைத் தீர்மானித்தது வகுப்பறையை விடத் தேர்வுதான்.

எழுத்தர்களை உற்பத்தி செய்யவே இக்கல்வி ஏற்பட்டது என்ற கருத்து முழுமையானதன்று. எழுத்தர் வேலைக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான மெட்ரிகுலேஷனே போதுமாயிருந்தது. அதைக் கடந்து நான்கு ஆண்டுகள் தர்க்கமும் வானவியலும் ஷேக்ஸ்பியரும் படிக்கச் செய்த பாடத்திட்டத்துக்கு அலுவலகத் தேவையினும் விரிந்த நோக்கம் இருந்தது.

எப்.ஏ., பி.ஏ. படிப்புகள்

மெட்ரிகுலேஷன் தேறியவர் இரண்டாண்டு எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தனர். ஆங்கிலம், இரண்டாம் மொழி, கணிதம், வரலாறு, உடலியல் எனப் பல பாடங்களையும் அனைவரும் படிக்க வேண்டும். ஒன்றில் தவறினால் தேர்வு முழுவதும் தவறியதாகும். அதற்குமேல் பி.ஏ. இரண்டாண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பி.ஏ. தேர்வு ஆங்கிலம், இரண்டாம் மொழி, விருப்பப் பாடம் என மூன்று பிரிவுகளாக நடந்தது. கணிதம், இயற்பியல், உயிரியல், மெய்யியல், வரலாறு ஆகியவற்றில் ஒன்றை மாணவர் விருப்பப் பாடமாக எடுத்தனர். இன்றைய பகுதி 1, 2, 3 என்ற அமைப்புக்கு மூலம் இதுவே. பி.ஏ. வரை படித்ததே பெருமையாக இருந்ததால், தேறாதவர்களும் பெயருக்குப் பின் ‘பி.ஏ. பெயில்’ என்று போட்டுக்கொண்ட காலம் அது.

இம்முறையின் கடுமைக்குச் சீனிவாச இராமானுசன் சான்று. 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதம் தவிர மற்றவற்றில் மனம் வைக்காததால் தொகையை இழந்தார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் எப்.ஏ. எழுதினார். உடலியலும் ஆங்கிலமும் அவரைத் தேறவிடவில்லை. எப்.ஏ. தேறாத அதே இளைஞருக்குத்தான் 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. இதை மட்டும் கொண்டு முறையைப் பழிப்பது நியாயமன்று; இராமானுசன் எந்தப் பாடத்திட்டத்துக்கும் அடங்காதவர். ஒரே சட்டத்துக்குள் எல்லா மாணவரையும் நிறுத்திய விதிக்கு விலக்கு இல்லாமற்போனதே குறை.

தமிழின் இடம்

பொதுக்கல்வியின் மிகப்பெரிய விளைவு தமிழ் ஆய்வில்தான் தெரிகிறது. பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தாரான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். தாமோதரம் பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம், கணிதம், வானவியல், தமிழ் ஆகியவற்றைச் சேர்த்துப் படித்தவர். அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றியவர். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அவரே வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றை அச்சேற்றினார்.

உ. வே. சாமிநாதையர் பட்டதாரி அல்லர். ஆயினும் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி கிடைத்திராவிட்டால், அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்திருப்பது ஐயமே. ஆங்கிலக் கல்வி பெற்ற அந்த முன்சீப்தான் சீவக சிந்தாமணியைப் படித்தீர்களா என்று கேட்டு அவரைப் பழைய நூல்களின் பக்கம் திருப்பினார். சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. மெய்யியல் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். மெய்யியலும் தமிழும் பயின்ற பரிதிமாற் கலைஞர் கிறித்தவக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியரானார்.

1902-இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் முதலிய நாட்டுமொழிகளை விலக்கும் யோசனை எழுந்தபோது, பரிதிமாற் கலைஞரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதை எதிர்த்து வாதாடினர். தமிழை உயர்தனிச் செம்மொழி என்று பரிதிமாற் கலைஞர் நிறுவ முற்பட்டதும் இக்காலத்தில்தான். பொதுப்பாடங்களில் தாய்மொழிக்கு இடம் உண்டா என்ற கேள்வியே அந்த வாதத்துக்கு வழி திறந்தது.

இக்கல்வியைப் பெற்றோரில் பிராமணரே மிகுதி. 1914-இல் இராணி மேரி கல்லூரியும் 1915-இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் தொடங்கியபின் பெண்கள் எண்ணிக்கை உயர்ந்தது.

சிறப்புப் பாடத்தின் எழுச்சி

1904-இல் கர்சன் பிரபு காலத்துப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. அதையொட்டிய விதிகளில் எப்.ஏ. மறைந்து இண்டர்மீடியட் ஏற்பட்டது. ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கும் ஆனர்ஸ் வகுப்புகள் தோன்றின. பி.எஸ்சி. தனிப்பட்டமாயிற்று. மாற்றத்தின் அளவை ஒரே குடும்பத்தில் காணலாம். சி. வி. இராமன் 1904-இல் மாநிலக் கல்லூரியில் இயற்பியலுக்குத் தங்கப்பதக்கம் பெற்றபோது வாங்கிய பட்டம் பி.ஏ.; 1907-இல் பெற்றது எம்.ஏ. அவர் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் அதே கல்லூரியில் 1930-இல் பெற்றதோ பி.எஸ்சி. ஆனர்ஸ். கால் நூற்றாண்டில் இயற்பியல், கலைப்பட்டத்தின் கிளை என்ற நிலையிலிருந்து பிரிந்து தனி வீடு கட்டிக்கொண்டது.

விடுதலைக்குப் பின்

1948-49 பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவர் எஸ். இராதாகிருஷ்ணன். கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் பயின்றவர். சென்னைத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் குழுவில் இருந்தார். அமெரிக்கக் கல்வியாளர்களும் இடம்பெற்றனர். 1945-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பொதுக்கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை பேசப்பட்டுவந்த நேரம் அது. அறிவியல் மாணவர் சமூகவியலையும், கலை மாணவர் அறிவியலையும் அறிய வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. சிந்தனை அளவில் இதுவே நம் நாட்டில் பொதுக்கல்விக்கு எழுதப்பட்ட தெளிவான வாதம்.

நடைமுறைக்கு வந்தது ஆண்டுக்கணக்கு மட்டுமே. இண்டர்மீடியட் போய், ஓராண்டுப் புகுமுக வகுப்பான பி.யூ.சி.யும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தன. 1978-இல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு தொடங்கியதும் பி.யூ.சி.யும் மறைந்தது. கல்லூரி வாசலில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஆண்டு இப்படிப் பள்ளிக்குப் போய்விட்டது; அதைக் கல்லூரியில் ஈடுசெய்ய எவரும் முனையவில்லை. பட்டப்படிப்பில் மேஜர் பாடத்துக்கே பெரும்பங்கு நேரம். பக்கத்தில் ‘ஆன்சிலரி’ எனும் ஒரு துணைப்பாடம்; அதுவும் மேஜரை ஒட்டியதாகவே இருந்தது. 1980-களின் நடுவிலிருந்து சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. நல்ல மதிப்பெண் எடுத்தவர் கலைக் கல்லூரிக்கு வருவது அருகியது.

தற்போதைய நிலை

இப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தைப் போலவே தமிழகத்தின் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இளநிலைப் பாடத்திட்டம் ஐந்து பகுதிகளைக் கொண்டது. சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பத்தாள் ஆகியவை நான்காம் பகுதியிலும் நாட்டு நலப்பணித் திட்டம் முதலியவை ஐந்தாம் பகுதியிலும் அடங்கும். 2022 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவருக்குத் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் ஆகிய பாடங்கள் உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கை பல்துறைப் படிப்பையும் நான்காண்டுப் பட்டத்தையும் முன்வைத்தது. தமிழ்நாடு அரசு அக்கொள்கையை ஏற்கவில்லை. பொதுத்தாள்கள் இன்று ‘பாஸ் ஆனால் போதும்’ என்ற மனநிலையில் எழுதப்படுகின்றன. அவற்றுக்கு உரிய நேரமும் நிரந்தர ஆசிரியரும் கிடைக்காதவரை பெயர்மாற்றங்களால் பயன் விளையாது.