சுழலாத இசைத்தட்டு

ஒரு நடன அரங்கை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். இருபுறமும் ஆளுயர ஒலிபெருக்கிகள். அவற்றிலிருந்து எழும் தாழ்ந்த சுருதி ஒலி, காதைத் தொடும் முன்பே நெஞ்சைத் தொடுகிறது. தரையும் மேசையும் அதிர்கின்றன. அந்த மேசையின் மீது ஒரு மடிக்கணினி. அதன் பின்னே நிற்பவர்தான் டி.ஜே. எனப்படும் டிஸ்க் ஜாக்கி. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டை அதே தாளத்தில் இணைத்துவிட வேண்டும். இரண்டு விநாடி மௌனம் விழுந்தாலும் அரங்கமே அவரைத் திரும்பிப் பார்க்கும். அடுத்த நிகழ்ச்சிக்கு அவரை அழைப்பார்களா என்பதும் அந்த இரண்டு விநாடியில் முடிவாகிவிடலாம்.

இத்தகையவரின் பழைய மடிக்கணினி திக்கித் திணறும்போது, “வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துங்கள்” என்பதே எல்லோரும் சொல்லும் யோசனை. ஏன் என்று கேட்டால், “அது வேகமானது” என்பார்கள். இந்த விடை போதுமானதா? சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம்.

குறுந்தகட்டின் தரத்தில் இசையைப் பதிய, ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறோம். ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட்டுகள். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1,76,400 பைட்டுகள் வருகின்றன. ஒரு சாதாரண வன்தட்டோ தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்குப் பல கோடி பைட்டுகளைத் தரக்கூடியது. அப்படியானால் இசையை ஓட்ட வன்தட்டின் வேகம் தாராளமாகப் போதும்! பின் ஏன் அது தடுமாறுகிறது? விடை காண வரலாற்றுக்குள் சற்றே பின்னோக்கிச் செல்வோம்.

ஊசியும் அதிர்வும்

எமில் பெர்லினர் 1887இல் தட்டையான இசைத்தட்டைக் கொண்டு இயங்கும் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். சுழலும் தட்டு, அதன் பள்ளத்தில் ஓடும் ஊசி. இந்த அமைப்பில் ஒரு குறை பிறவியிலேயே இருந்தது. ஊசி, பள்ளத்தின் நெளிவையும் உணரும். மேசையின் அதிர்வையும் உணரும். இரண்டையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. ஒலிபெருக்கியின் அதிர்வு மேசை வழியே ஊசிக்கு வர, அது மீண்டும் பெருக்கப்பட்டு ஒலிபெருக்கிக்கே போக, அரங்கம் முழுதும் ஓர் உறுமல் கிளம்பும்.

1972இல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்னும் சுழல்மேடையை வெளியிட்டது. மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றியதாலும், உடல் கனமாக இருந்ததாலும் உலகெங்கும் டி.ஜே.க்கள் அதை விரும்பினர். கனமான பொருளை அசைப்பது கடினம் என்பது நியூட்டன் விதியின் எளிய பயன்தானே!

பின்னர் இசை எண்களாக மாறியது. 2001இல் குறுந்தகட்டைக் கையால் சுழற்றுவதுபோல் இயக்கும் பயனீயர் சி.டி.ஜே.-1000 வந்தது. 2004இல் வந்த செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் போன்ற மென்பொருள்கள், பாட்டுகள் அனைத்தையும் மடிக்கணினிக்குள் கொண்டுவந்தன. பெட்டி பெட்டியாகத் தட்டுகளைச் சுமந்த தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் கவனியுங்கள்: மடிக்கணினிக்குள்ளும் ஒரு தட்டு சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஊசிக்குப் பதில் அங்கே ஒரு காந்தமுனை. பெயர்தான் மாறியது, அமைப்பு மாறவில்லை.

ஒரு டன் எடையில் 21 விநாடி

முதல் வன்தட்டு 1956இல் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் உருவானது. ரெனால்ட் ஜான்சன் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கிய அந்தக் கருவி ராமாக் என்ற கணினியின் பகுதி. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஆறு பிட் என்பதால் இது 37.5 லட்சம் பைட்டுகளுக்குச் சமம். நாம் மேலே கண்ட கணக்கின்படி, அதில் வெறும் 21 விநாடி இசையைத்தான் சேமிக்க முடியும்! பல்லவிகூட முடியாது.

அதன் பின் தட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருத்தது. 1980இல் சீகேட் நிறுவனம் 5¼ அங்குல அளவில் 5 மெகாபைட் வன்தட்டை விற்றது. 1988இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே பெருங்காந்தத்தடை விளைவைக் கண்டறிந்தனர். மிக நுண்ணிய காந்தப் புள்ளியையும் படிக்கும் முனைகளை அது சாத்தியமாக்கியது. 2007இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. ராமாக் தட்டில் ஓர் அங்குலத்துக்கு 20 தடங்களே இருந்தன; ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான இடைவெளி. பிற்கால மடிக்கணினி வன்தட்டிலோ ஓர் அங்குலத்துக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட தடங்கள். அதாவது இடைவெளி மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! காந்தமுனையோ தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. நம் தலைமுடியின் தடிமன் இதைப்போல் பல்லாயிரம் மடங்கு.

காத்திருக்கும் நேரம்

இப்போது நம் கேள்விக்கு முதல் விடை. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு, ஒருமுறை சுற்ற 11 மில்லிவிநாடி எடுக்கும். வேண்டிய இடம் முனையின் அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை உரிய தடத்துக்கு நகர மேலும் 10 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். மொத்தம் ஏறத்தாழ 16 மில்லிவிநாடி. எனவே ஒரு விநாடியில் 60 இடங்களைத்தான் தேடிப் படிக்க முடியும்.

ஒருவரிடம் 20,000 பாட்டுகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் தாள வேகத்தையும் தேடிப் படிக்க ஐந்தரை நிமிடம் ஓடிவிடும். திடநிலைச் சேமிப்பகத்தில் ஓர் இடத்தை எட்ட 0.1 மில்லிவிநாடி போதும். அதே வேலை இரண்டே விநாடி. ஆக, வன்தட்டின் குறை ஓட்டத்தில் இல்லை, தேட்டத்தில்தான் இருக்கிறது.

ஒலி தட்டை அசைக்குமா?

இரண்டாவது விடை இன்னும் சுவையானது. 2008ஆம் ஆண்டின் இறுதியில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பிரெண்டன் கிரெக் என்னும் பொறியாளர் ஒரு கணினிக் கூடத்தில் வன்தட்டு அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தினார். அந்த நொடியில் தட்டுகளின் காத்திருப்பு நேரம் திடீரென உயர்ந்ததைத் திரையில் எல்லோரும் கண்டனர். மனிதக் குரலே முனையைத் தடத்திலிருந்து விலக்கப் போதுமானதாயிற்று!

2016 செப்டம்பரில் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் ஐ.என்.ஜி. வங்கியின் கணினி மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. குழாய்களிலிருந்து வாயு வெளியேறிய சத்தம் 130 டெசிபெலைத் தாண்டியது. வன்தட்டுகள் பழுதாகி, வங்கிச் சேவை சுமார் 10 மணி நேரம் நின்றது. 130 டெசிபெல் ஒலியின் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 63 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தட்டுகள் பழுதாக அதுவே போதுமானதாக இருந்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ரேமண்ட் சென் 2022இல் எழுதிய செய்தியோ ஒரு பாட்டைப் பற்றியது. ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாடலை ஒலிக்கச் செய்தால் சில பழைய மடிக்கணினிகள் நின்றுபோயின. அருகில் சும்மா இருந்த வேறொரு மடிக்கணினியும் நின்றது! அந்தப் பாடலில் இருந்த ஓர் அதிர்வெண், 5,400 சுழற்சி கொண்ட அந்த வன்தட்டின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனதே காரணம். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தட்டினால் சிறு விசையே அதை உயர ஏற்றுமல்லவா? அதுவே ஒத்ததிர்வு. கணினி உற்பத்தியாளர், அந்த அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் வடிகட்டி ஒன்றை ஒலிப்பாதையில் சேர்த்துச் சமாளித்தாராம்.

இசையை வைத்துத் தொழில் செய்பவர், இசையாலேயே தடுமாறக்கூடிய கருவியில் அந்த இசையைச் சேமித்து வைத்திருந்தார் என்பது விந்தையல்லவா?

சுவரை ஊடுருவும் எலெக்ட்ரான்

அசையும் பகுதியே இல்லாத நினைவகத்தின் கதை, கணினிக்கு முந்திய காலத்தில் தொடங்குகிறது. 1928இல் ரால்ஃப் ஃபவுலரும் லோதார் நார்ட்ஹைமும், குளிர்ந்த உலோகத்திலிருந்து வலிய மின்புலம் எலெக்ட்ரான்களை எவ்வாறு இழுத்தெடுக்கிறது என்பதைப் புதிய குவாண்டம் இயக்கவியல் கொண்டு விளக்கினர். எலெக்ட்ரான் தடைச்சுவரை ஏறிக் குதிப்பதில்லை. சுவர் போதிய அளவு மெலிதானால் அதை ஊடுருவியே மறுபக்கம் வந்துவிடுகிறது. அன்று இது ஏட்டுக் கல்வி. இன்றோ நம் சட்டைப் பைக்குள் இருக்கும் தொலைபேசியும் இதை நம்பியிருக்கிறது.

1967இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சீ இருவரும் ‘மிதக்கும் வாயில்’ என்ற அமைப்பை முன்வைத்தனர். டிரான்சிஸ்டருக்குள் ஒரு சிறு கடத்தித் துண்டு. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மின்காப்புப் பொருள். உள்ளே புகுந்த எலெக்ட்ரான்கள் மின்சாரத்தை நிறுத்தினாலும் வெளியேற வழியில்லை. அவை இருக்கின்றனவா, இல்லையா என்பதே 0 அல்லது 1. அந்த மின்காப்புப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர். எழுதும்போது அதில் நானோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட், அதாவது மீட்டருக்குச் சுமார் 100 கோடி வோல்ட் மின்புலம் ஏற்படுகிறது. காற்றில் தீப்பொறி பறக்கச் செய்யும் புலத்தைப்போல் இது 300 மடங்கு.

1971இல் இன்டெல்லின் டோவ் ஃப்ரோமன், இத்தகைய வாயிலைக் கொண்டு ஒரு நினைவகச் சில்லு செய்தார். ஆனால் அதை அழிக்க, சில்லைக் கழற்றி, அதன் படிகச் சன்னல் வழியே புறஊதா ஒளியைப் பாய்ச்ச வேண்டியிருந்தது. பின்னர் மின்சாரத்தாலேயே அழிக்கும் முறை வந்தது. ஆனால் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே அழிக்கக் கூடுதல் டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. எனவே விலை அதிகம்.

இங்கேதான் டோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோக்கா வேறுவிதமாகச் சிந்தித்தார். தனித்தனியே ஏன் அழிக்க வேண்டும்? ஒரு பெரும் தொகுதியை ஒரே வீச்சில் அழித்தால் என்ன? கலத்துக்கு ஒரு டிரான்சிஸ்டரே போதுமே! கரும்பலகையில் எழுத்தெழுத்தாக அழிக்காமல் பலகை முழுவதையும் ஒரே துடைப்பில் துடைப்பதுபோல. கண்ணிமைப்பில் நிகழும் அந்த அழிப்பு, புகைப்படக் கருவியின் ஒளிவீச்சை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஷோஜி அரிசூமி அதற்கு ‘ஃபிளாஷ்’ என்று பெயர் தந்தார். 1984இல் இந்த நினைவகம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1987இல் கலங்களைத் தொடராகக் கோத்து இடத்தை மேலும் மிச்சப்படுத்தும் ‘நாண்ட்’ வகையை அவர் குழு வெளியிட்டது.

1991இல் சண்டிஸ்க் நிறுவனம் ஃபிளாஷ் சில்லுகளாலான 20 மெகாபைட் சேமிப்பகத்தைத் தந்தது. விலை ஏறத்தாழ 1,000 டாலர். குறுந்தகட்டுத் தரத்தில் இரண்டு நிமிட இசைக்குக்கூட இடமில்லை! 2006இல் சாம்சங் 32 கிகாபைட் கொண்ட மடிக்கணினியை வெளியிட்டது. 2013இல் அதே நிறுவனம் கலங்களை மாடி மாடியாக 24 அடுக்கு எழுப்பியது. இன்று அடுக்குகள் 200ஐத் தாண்டிவிட்டன. மாடிகள் உயர உயர விலை இறங்கியது.

இத்தனைக்கும் வித்திட்டவர் அடைந்த பயன் என்ன? 1994இல் மசுவோக்கா நிறுவனத்தை விட்டுப் பல்கலைக்கழகம் சென்றார். தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு தரப்படவில்லை என்று 2004இல் நூறு கோடி யென் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்கு வழக்கு சமரசமாயிற்று. அறிவின் பயன் உலகுக்கு எளிதில் போய்ச் சேர்கிறது, அறிந்தவருக்குத்தான் தாமதமாகிறது.

மாற்றும் முன் அறிய வேண்டியவை

பழைய மடிக்கணினியின் 2½ அங்குல வன்தட்டைக் கழற்றி, அதே அளவும் அதே இணைப்பும் கொண்ட திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துவது கடினமான வேலையன்று. சில திருகாணிகள், ஒரு நகலெடுக்கும் மென்பொருள், சிறிது பொறுமை இருந்தால் போதும். ஆனால் அதற்கு எல்லைகளும் உண்டு. கணினியின் செயலகம் மெதுவானதென்றால், ஒலி இயக்க மென்பொருள் கோளாறு என்றால், அவற்றை இது தீர்க்காது.

மேலும், எலெக்ட்ரான்கள் ஒவ்வொருமுறை படலத்தை ஊடுருவும்போதும் அது சிறிது தேய்கிறது. ஒரே கலத்தில் மூன்று பிட்டுகளைப் பதிக்க எட்டு மின்னேற்ற நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். எனவே தேய்ந்த கலம் தவறு செய்ய வாய்ப்பு மிகுதி. பாட்டுகளைப் பெரும்பாலும் படிக்க மட்டுமே செய்யும் டி.ஜே.க்கு இதனால் பெரிய கவலையில்லை. ஆனால் மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் வைத்தால், சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசியும். வன்தட்டு பழுதாகும் முன் பல சமயம் முனகிக் காட்டும். இதுவோ சத்தமின்றி ஒரு நாள் நின்றுவிடலாம்.

ஆகவே நண்பர்களே, உங்கள் கணினியில் இருப்பது பாட்டானாலும், பாடக்குறிப்பானாலும், பாட்டியின் புகைப்படமானாலும், இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் இருக்கட்டும். பழைய வன்தட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதிர்வில்லாத அலமாரியில் அமைதியாக இருந்து பிரதியைக் காக்க அது இன்னும் பயன்படும்.